கிராவல் ஃபிரேம் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டிய இடம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் சைக்கிள் ஓட்டும் தூரத்தில் முக்கால் பங்கு தார்ச்சாலை. மீதி மண்சாலை, சரளை, ஆங்காங்கே கல் பெயர்ந்த பாதை. மழைக்காலத்திலும் ஓட்டுவதை நிறுத்துவதில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பைகளைக் கட்டிக்கொண்டு போய் இரவு தங்கி வருகிறீர்கள். எடை 78 கிலோ. தாரிலும் மண்ணிலும் ஓட்டத் தோதான கிராவல் சைக்கிளுக்காக மூன்று ஃபிரேம்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று, 40 மி.மீ. டயர் வரை ஏற்கும் அலுமினிய ஃபிரேம். இரண்டாவது, 45 மி.மீ. வரையும், சற்றுச் சிறிய 650பி சக்கரம் போட்டால் 53 மி.மீ. வரையும் ஏற்கும் எஃகு ஃபிரேம். மூன்றாவது, 50 மி.மீ. ஏற்கும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கில் அதிர்வு வாங்கும் சஸ்பென்ஷன் வகையை மாட்டவும் தோதான கார்பன் ஃபிரேம். இந்த மூன்று பொருள்களில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு இரண்டாவது ஃபிரேம். ஆனால் அது எஃகு என்பதற்காக இல்லை. எதனால் செய்தது என்பது நான் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்கும் கேள்வி. சைக்கிளில் ஹேண்டில்பார், சக்கரம், கியர், சீட் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரம் சுழலும் இடத்தின் அகலத்தை மட்டும் எவராலும் மாற்ற முடியாது. அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு கிராவல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பாருங்கள். அங்கிருந்து இரண்டு குழாய்கள் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஓடுகின்றன. அவைதான் செயின்ஸ்டே. வலப்பக்கத்தில் டயர், செயின்ஸ்டே, பல்சக்கரமான செயின்ரிங் ஆகிய மூன்றும் ஒரே இடத்துக்காக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நெருக்கடி எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். செயின்ஸ்டேயின் நீளம் 425 மி.மீ., டயர் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பெரிய சக்கரமான 700சி-யின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ. அதில் பாதி 311. அதனுடன் டயரின் 45-ஐக் கூட்டினால் சக்கரத்தின் ஆரம் 356. ஆகவே டயரின் முன்விளிம்பு பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து 69 மி.மீ. பின்னால் நிற்கும். 46 பல் கொண்ட செயின்ரிங்கின் ஆரமோ ஏறத்தாழ 93 மி.மீ. அதாவது, டயர் தன் முழு அகலத்தை எட்டும் இடம் வரை செயின்ரிங்கும் நீண்டு வந்து நிற்கிறது.

இப்போது அகலவாக்கில் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து டயருக்கு 22.5 மி.மீ., சேறும் கல்லும் கடந்து போக 6 மி.மீ., ஆக 28.5. ஒற்றைச் செயின்ரிங் அமைப்பில் அந்த ரிங் நடுக்கோட்டிலிருந்து 45 முதல் 50 மி.மீ. தூரத்தில் இருக்கும். அதன் தடிமனுக்கும் உரசாமல் இருக்க வேண்டிய இடைவெளிக்கும் 4 மி.மீ. விட்டுவிடுங்கள். குழாய்க்கு மிஞ்சுவது 12 முதல் 17 மி.மீ. மட்டுமே. ஓட்டுபவரின் மிதியையெல்லாம் தாங்கும் குழாய்க்கு அது போதாது.

கிராவல் ஃபிரேம் வடிவமைப்பில் நீங்கள் காணும் விசித்திரங்களில் பாதி இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தவை. சில ஃபிரேம்களில் வலப்பக்கச் செயின்ஸ்டே மட்டும் கீழே தாழ்ந்து வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்ததல்ல. செயின்ரிங்கும் டயரும் நேருக்கு நேர் நிற்கும் இடத்தை விட்டு விலகி, குழாய் கீழ்வழியாகப் போகிறது. 2015-இல் வந்த ஓப்பன் நிறுவனத்தின் யு.பி. ஃபிரேம் இந்த உத்தியைப் பரவலாக்கிய ஒன்று. எஃகிலும் டைட்டானியத்திலும் குழாயை அப்படி வளைப்பது கடினம் என்பதால், அந்த இடத்தில் குழாய்க்குப் பதில் கெட்டியான ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பார்கள். தகடு மெல்லியது, ஆனாலும் உறுதியானது. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ 2019-இல் கிராவலுக்கென்று ஜி.ஆர்.எக்ஸ் வரிசையைக் கொண்டுவந்தபோது செயின்ரிங்குகளையே 2.5 மி.மீ. வெளியே தள்ளியது. அந்த இரண்டரை மில்லிமீட்டருக்காகப் பெடல்களின் இடைவெளியும் சாலை சைக்கிளின் அளவிலிருந்து 5 மி.மீ. கூடியது. தொழிற்சாலைகள் இத்தனை பாடுபட்டு மீட்கும் இடத்தை, வாங்கும் நாம் விளம்பரத்தில் ஒரு எண்ணாக மட்டும் படித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

அந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. "40 மி.மீ. வரை" என்று போட்டிருந்தால், எந்த ரிம்மில் அளந்த 40 என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவு வேறு, உங்கள் ரிம்மில் காற்றடித்த பின் அது காட்டும் அளவு வேறு. உள் அகலம் 25 மி.மீ. உள்ள ரிம்மில் 40 என்று விற்கும் டயர் 42 ஆக விரிவது சாதாரணம். மட்கார்டு போட்டாலோ கணக்கு இன்னும் இறுகும். 45 ஏற்கும் ஃபிரேம் மட்கார்டோடு 40 ஏற்றாலே நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் முதல் கிராவல் ஃபிரேம் கார்பன். உச்ச அளவு 40 என்று இருந்தது. நான் போட்டதும் 40. காய்ந்த பாதையில் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள் பிற்பகல் மழை பெய்து ஓய்ந்த களிமண் பாதையில் பதினைந்து கிலோமீட்டர் போல ஓட்டினேன். பின்னாலிருந்து மணலைத் தேய்ப்பது போன்ற ஓசை வந்துகொண்டே இருந்தது. சேறுதானே என்று மிதித்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கழுவியபோது இடது செயின்ஸ்டேயின் உட்புறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட் போயிருந்தது. விரலால் தடவினேன். பளபளப்பு இல்லை, சொரசொரப்பு. ஈரம் காய்ந்ததும் கறுப்பு இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. டயரில் ஒட்டிய களிமண்ணும் அதில் பதிந்த மணலும் உப்புத்தாளாக மாறி, ஒரே பிற்பகலில் ஃபிரேமை அராவியிருந்தன. கார்பன் பழுது பார்ப்பவர் ஒருவர் மேலே இழை ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார். அந்த ஃபிரேம் இன்றும் ஓடுகிறது, ஆனால் 35 மி.மீ. டயரோடுதான்.

பந்தயக்காரர்களுக்கும் இதே கதிதான். 2023-இல் அமெரிக்காவின் கன்சாஸில் நடந்த அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில், தொடக்கத்திலேயே வந்த ஒரு களிமண் பகுதி பலருடைய சக்கரங்களைச் சுழலவே விடாமல் நிறுத்திவிட்டது. உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், குச்சியால் சேற்றைச் சுரண்டினார்கள். ஒட்டும் களிமண்ணுக்கு முன் எந்த இடைவெளியும் முழுத் தீர்வாகாது. ஆனால் பக்கத்துக்கு 3 மி.மீ. விட்ட ஃபிரேமும் 8 மி.மீ. விட்ட ஃபிரேமும் அங்கே ஒன்றல்ல. நீங்கள் மழையிலும் ஓட்டுகிறவர். உங்கள் பட்டியலின் முதல் ஃபிரேமை நான் ஒதுக்குவது இதற்காகத்தான். உங்கள் மண்பாதைகள் காய்ந்து இறுகியவையாக மட்டும் இருந்து, நீங்கள் 35 மி.மீ. டயரோடு நின்றுவிடுவதாக இருந்தால், அந்த அலுமினிய ஃபிரேமையே சொல்லியிருப்பேன்.

அடுத்தது வடிவக் கணக்கு. இதில் இரண்டே எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதல் எண், ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாயின் சாய்வு. சாலைப் பந்தய சைக்கிளில் இது 73 பாகை அளவில் இருக்கும், கிராவலில் 70 முதல் 72. ஒன்றிரண்டு பாகைதானே என்று தோன்றும். கையில் உணர்வது பாகையை அல்ல, அதனால் வரும் டிரெயில் என்ற அளவை. முன்குழாயின் அச்சுக்கோட்டை நேராகத் தரை வரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்தான் டிரெயில். சாய்வு 73, ஃபோர்க் முன்வளைவு (முன்குழாயின் அச்சுக்கோட்டிலிருந்து சக்கர அச்சு முன்தள்ளி நிற்கும் தூரம்) 45, டயர் 28 என்றால் டிரெயில் ஏறத்தாழ 57 மி.மீ. சாய்வு 71, முன்வளைவு 50, டயர் 40 என்றால் 68. அந்தப் பதினொரு மில்லிமீட்டர்தான், சரளை இறக்கத்தில் சக்கரம் கல்லில் பட்டுத் திரும்பப் பார்க்கும்போது அதை நேரே இழுத்து வைக்கிறது. அதுவேதான் தார்ச்சாலை வளைவில் சைக்கிளைச் சற்று மந்தமாகவும் உணரச் செய்கிறது.

நீங்கள் குறித்த மூன்றில் கார்பன் ஃபிரேமின் சாய்வு 69.5 பாகை. அது மலைப்பாதை சைக்கிளின் பக்கம் நகர்ந்துவிட்ட எண். பாதிக்கு மேல் கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவருக்கு அது வரம். முக்கால் பங்கு தாரில் ஓட்டும் உங்களுக்கு, நீண்ட ஏற்றத்தில் மெதுவாக மிதிக்கும்போது முன்சக்கரம் இடமும் வலமும் அலைவதாகத் தோன்றும். எஃகு ஃபிரேமின் 71 உங்களுக்குச் சரியான நடுவிடம்.

இரண்டாவது எண், பாட்டம் பிராக்கெட் தாழ்வு. சக்கர அச்சுகளை இணைக்கும் கோட்டிலிருந்து பெடல் அச்சு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதன் அளவு. 72 மி.மீ. தாழ்வுள்ள ஃபிரேமில் 700சி சக்கரமும் 40 மி.மீ. டயரும் போட்டால் பெடல் அச்சு தரையிலிருந்து 279 மி.மீ. உயரத்தில் இருக்கும். அதே ஃபிரேமில் 28 மி.மீ. டயர் மாட்டினால் உயரம் 267 ஆகிவிடும். பெடலைத் தாங்கும் கையான கிராங்க் 170 மி.மீ. என்றால், பெடல் கீழே வரும்போது அதன் மையத்துக்கும் தரைக்கும் இடையே 97 மி.மீ. மட்டுமே. வளைவில் சாய்ந்துகொண்டே மிதித்தால் பெடல் தரையில் இடிக்கும். ஒரே ஃபிரேமில் சாலைக்கு ஒரு ஜோடி, மண்ணுக்கு ஒரு ஜோடி என்று இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்துக்கொள்ளப் பலர் நினைக்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வழி உண்டு. சாலைக்கு 700சி சக்கரத்தில் 28 மி.மீ. டயர், மண்ணுக்கு 650பி சக்கரத்தில் 47 மி.மீ. டயர். 650பி ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 584 மி.மீ. அதனுடன் 47-ஐ இரு மடங்காக்கிக் கூட்டினால் 678. 622-உடன் 28-ஐ இரு மடங்காக்கிக் கூட்டினாலும் அதே 678. சக்கரத்தின் முழு விட்டம் மாறுவதே இல்லை. பெடல் உயரமும் டிரெயிலும் அப்படியே இருக்கும். 650பி கிராவலுக்குள் வந்ததற்கு இந்தப் பொருத்தம் பெரிய காரணம். ஆனால் பெரிய சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்குகிறது, கல்லை எளிதாக ஏறிக் கடக்கிறது. அதனால் இப்போது பெரும்பாலோர் 700சி-யிலேயே அகலமான டயர் போடும் பக்கம் போய்விட்டார்கள். என் யோசனையும் அதுதான். இரண்டு ஜோடி வேண்டாம். ஒரே ஜோடி 700சி சக்கரம், நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சிறு முடிச்சுகளோடும் உள்ள 38 அல்லது 40 மி.மீ. டயர் போடுங்கள். தாரில் அது உங்களைப் பின்னுக்கு இழுப்பதை நீங்கள் உணரவே மாட்டீர்கள். மழைக்காலத்துக்கு மட்டும் முடிச்சு அதிகமுள்ள டயர் ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் போதும். 45 ஏற்கும் ஃபிரேமில் 40 போட்டால் சேற்றுக்கு இடமும் மிஞ்சும்.

செயின்ஸ்டே நீளம் 420-க்கும் 435-க்கும் இடையே எதுவானாலும் உங்களுக்குக் குறையில்லை. பை கட்டும் பழக்கம் இருப்பதால் 430 நல்லது. பின்பை இருந்தால் குதிகால் அதில் இடிக்காது.

இனி நீங்கள் கேட்ட பொருள் விஷயத்துக்கு வருகிறேன். எஃகு அதிர்வை விழுங்கும், அலுமினியம் எலும்பை உடைக்கும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு, அதன் அடர்த்தியும் ஏறத்தாழ மூன்று மடங்கு. இது பாடப்புத்தகக் கணக்கு. ஆனால் ஃபிரேம் என்பது உலோகக் கட்டி அல்ல, குழாய்களின் கூடு. குழாயின் விட்டமும் சுவரின் தடிமனும்தான் அதன் விறைப்பைப் பெரிதும் முடிவு செய்கின்றன. அலுமினியக் குழாயைப் பருமனாக்கியதால் அந்தக் கால அலுமினிய ஃபிரேம்கள் விறைப்பாக இருந்தன, 23 மி.மீ. டயரில் அது கையிலும் முதுகிலும் தெரிந்தது. அந்தக் காலத்தில் பிறந்த பேச்சை இன்று 40 மி.மீ. டயருக்கும் பொருத்துகிறோம். காற்றழுத்தம் குறைத்த அகல டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது பல மில்லிமீட்டர் அமுங்குகிறது. இரட்டை முக்கோண ஃபிரேம் செங்குத்தாக நெகிழ்வது அதற்குப் பக்கத்திலேயே வராது. உடல் உணரும் நெகிழ்வில் அடுத்த பெரிய பங்கு சீட் போஸ்ட்டுக்கு. ஆகவே அந்தக் குழாய் 27.2 மி.மீ. உருண்டையா என்று கேளுங்கள். அது மெல்லியது, நன்றாக வளையும், எந்த ஊரிலும் மாற்றுக் கிடைக்கும். அந்தந்த நிறுவனத்துக்கே உரிய தட்டை வடிவ போஸ்ட் வைத்த ஃபிரேமில் இந்த வசதி இல்லை.

எடை வேறுபாடு உண்மைதான். நல்ல கார்பன் கிராவல் ஃபிரேம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அலுமினியம் ஒன்றரை கிலோ அளவு, எஃகு இரண்டு கிலோவும் அதற்கு மேலும். கார்பனை விட எஃகில் ஒரு கிலோ கூடுதல் என்று வையுங்கள். நீங்கள், சைக்கிள், தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. செங்குத்தான ஏற்றத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகத் தாமதமாகும். ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடத்துக்கும் குறைவு. பந்தயத்தில் அது வெற்றி தோல்வி. உங்கள் பயணத்தில் அது தண்ணீர் குடிக்க நிற்கும் நேரம்.

பொருள் எங்கே முக்கியமாகிறது என்றால், அடிபடும்போது. பின்பையின் கொக்கி உரசுகிறது, கல் தெறிக்கிறது, சுவரில் சாய்த்த சைக்கிள் சரிந்து விழுகிறது. எஃகில் சொட்டை விழும், பெயின்ட் போகும். அதைக் கண்ணால் பார்த்து, துருப்பிடிக்காமல் பூசிவிட்டு ஓட்டலாம். கார்பனில் வெளியே கீறல் கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். திறமையானவரிடம் காட்டித் தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பழுது பார்க்க முடியும் என்பதற்கு என் ஃபிரேமே சான்று. ஆனால் பை கட்டி ஆளில்லாத பாதையில் போகும் ஒருவர் அந்தச் சந்தேகத்தோடு மீதித் தூரத்தைக் கடக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எஃகுக்கும் ஒரு கடமை உண்டு. வாங்கிய உடனே குழாய்களின் உள்ளே துருத்தடுப்பு எண்ணெயைத் தெளித்து விடுங்கள். மழையில் ஓட்டினால் சீட் போஸ்ட்டை உருவி, ஃபிரேமைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். ஒருபோதும் வடிக்காத ஃபிரேமைக் கவிழ்த்தபோது பழுப்பாக ஒரு குவளைத் தண்ணீர் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பில் வாங்கும் நாளிலேயே முடிவாகிவிடும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பாட்டம் பிராக்கெட் மரை வைத்ததா, அழுத்திச் செருகியதா என்று பாருங்கள். சேற்றிலும் நீரிலும் ஓடும் சைக்கிளுக்கு மரை வைத்ததே வேண்டும். பழைய 68 மி.மீ. மரையானாலும் சரி, டி47 என்ற அகல மரையானாலும் சரி. அழுத்திச் செருகிய வகையில் பொருத்தம் நூலளவு பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். அடுத்தது பிரேக் குழாய் போகும் வழி. முன்குழாயில் ஹேண்டில்பார் திரும்புவதற்கான ஹெட்செட் பேரிங்குக்குள் நுழைத்து மறைத்திருந்தால் பார்க்க அழகு. ஆனால் சேற்று நீரில் முதலில் கெட்டுப்போவது அந்தப் பேரிங்தான். அதை மாற்ற, பெரும்பாலான ஃபிரேம்களில் ஹைட்ராலிக் குழாயையே கழற்றி மறுபடி எண்ணெய் ஏற்ற வேண்டும். உங்கள் கார்பன் ஃபிரேமில் இப்படித்தான் இருக்கிறது. எஃகில் குழாய் வெளியே ஓடுகிறது. மூன்றாவது, பின்கியர் தொங்கும் ஹேங்கர் துண்டு. விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் உடையவே செய்த துண்டு அது. பாகங்கள் செய்யும் இன்னொரு நிறுவனமான ஸ்ராம் 2019-இல் கொண்டுவந்த பொது ஹேங்கர் உள்ள ஃபிரேம் என்றால் மாற்றுத் துண்டு தேடி அலைய வேண்டியதில்லை. வேறு வகை என்றால் இரண்டை இப்போதே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்கியர் பற்றி ஒரு வரி. தாரில் அதிகம் ஓட்டும் உங்களுக்கு இரட்டைச் செயின்ரிங்தான் பொருந்தும், எதிர்க்காற்றில் கியர்களுக்கு இடையே உள்ள படி சிறிதாக இருக்கும். கார்பன் ஃபிரேம் ஒற்றை ரிங்குக்கு மட்டுமே இடம் தருகிறது என்பதும் அதை நான் தள்ளி வைக்க ஒரு காரணம். எஃகு ஃபிரேம் ஏற்கும் உச்ச அளவு 46, 30 பல் கொண்ட இரு ரிங்குகள் என்று இருக்கிறது. உங்களுக்கு அது ஏராளம்.

சஸ்பென்ஷன் ஃபோர்க்குக்குத் தோதாகச் செய்த ஃபிரேமில், சாதா ஃபோர்க்கும் சஸ்பென்ஷனின் உயரத்துக்கு ஈடாக நீளமாக இருக்கும். அதனால் ஹேண்டில்பாரை விரும்பிய அளவுக்குத் தாழ்த்த முடியாது. 30, 40 மி.மீ. அசையும் ஃபோர்க் கைக்கு இதம்தான், மறுக்கவில்லை. தூரத்தில் கால் பங்கு மட்டும் மண்ணில் ஓடுகிறவர் அதன் எடையையும் பராமரிப்பையும் ஏற்பது தேவையில்லை என்பது என் தீர்ப்பு.

அளவு 54-ஆ 56-ஆ என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள், ஒவ்வொரு நிறுவனமும் அதை வேறு மாதிரி வைக்கிறது. இப்போது நீங்கள் வசதியாக ஓட்டும் சாலை சைக்கிளின் ஸ்டாக், ரீச் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சிலிருந்து முன்குழாயின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். கிராவலில் ஸ்டாக் 15 முதல் 25 மி.மீ. கூடுதலாக இருக்கலாம். ரீச் 10 மி.மீ. கூடினால், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் நீளத்தை 10 மி.மீ. குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பெடலை முன்னால் வைத்து முன்சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அகல டயரில் ஷூவின் நுனி சக்கரத்தில் உரசும் ஃபிரேமை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

கடைக்குப் போகும்போது 6 மி.மீ. ஆலன் கீ ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் போட நினைக்கும் டயரை மாட்டி, முழுக் காற்றடிக்கச் சொல்லி, செயின்ஸ்டேக்கும் டயருக்கும் இடையே அதை நுழையுங்கள். இரண்டு பக்கமும், சீட் குழாய்க்குப் பின்னால் உள்ள குறுக்குப்பாலத்தின் அடியிலும், ஃபோர்க்கின் உச்சியிலும். எல்லா இடத்திலும் தடையில்லாமல் நுழைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும், முதல் முறை ஓட்டுவதற்கு முன்பே, இரண்டு செயின்ஸ்டேயின் உட்புறத்திலும் தடித்த பாதுகாப்புப் படலத்தை ஒட்டிவிடுங்கள். நான் அதைச் சேறு பட்ட பிறகுதான் ஒட்டினேன்.